தீக்குழி குளிர்ந்த கதை

1

இந்தக் கதைக்கு விதை ஒரு பத்திரிகைத் துணுக்கு. கண்ணின் முன்படலத்தை ஒரு கருவியால் பெரிதாக்கிப் படமெடுத்து, அதிலுள்ள நரம்பிழைகளைப் பார்த்தே இனிப்பு நீர்க்காரர்களின், அதாவது சர்க்கரை வியாதிக்காரர்களின், நரம்புச் சேதத்தைக் கண்டுபிடிக்கலாமாம். படித்ததும் அர்ச்சுனன் மாமாவின் பாதம் ஞாபகம் வந்தது. கண்ணைப் பற்றிப் படித்தவனுக்குக் கால் ஏன் ஞாபகம் வரவேண்டும்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "1994. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அந்த அதிசயக் கருவி வந்து இறங்கியபோது…" (பொய். அப்படியொரு கருவியை அப்போது எங்களில் யாரும் கண்டதில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "என் அக்கா மயிலம்மாளின் புருஷன் அர்ச்சுனன், தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி. பத்தொன்பது வருடமாக மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர்." இது உண்மை. இருக்கட்டும்.

அவருக்கு இனிப்பு நீர். கடைசி மூன்று வருடமாகத் தீக்குழி அவருக்குச் சுடவில்லை. "தண்ணியில நடக்குற மாதிரி இருக்கு லா. ஆத்தா குளிர வெச்சிட்டா" என்பார். தோட்டமே அவர் காலில் விழுந்தது.

3

கதைசொல்லியை ரொம்ப நம்பாதீர்கள். அவன் அதே தோட்டத்து டிரஸ்சர்.* அதாவது நான். இனிப்பு நீர் முற்றினால் கால் மரத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்றாம் வருடத் திருவிழாவில் மாமா குழியைத் தாண்டி வந்ததும் நானும் விழுந்து கும்பிட்டேன். உள்ளங்காலில் ஒரு கரித்துண்டு புதைந்திருந்தது. அவருக்குத் தெரியவேயில்லை. நான் அதை மெல்ல எடுத்து…

எடுத்து உடனே மருந்து…

(இல்லை.) எடுத்து, கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிரசாதமாக.

*டிரஸ்சர்: டாக்டர் இல்லாத தோட்டத்தில் அவர்தான் டாக்டர்.

4

மாமாவுக்குப் பார்வை மங்கியது. நானும் அக்காவும் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். ஆரஞ்சு வட்டம், அதில் அங்கங்கே ரத்தக் கசிவு.

"நம்ம தீக்குழி மாதிரியே இருக்கு, டிரஸ்சரே" என்றார் மாமா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணில் இவ்வளவு சேதமென்றால் காலையும் பார்க்கவேண்டும் என்றார். மாமாவைக் கண்ணை மூடச்சொல்லி, "தொட்டா சொல்லுங்க" என்று ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைப் பத்து இடத்தில் தொட்டார். மாமா பொறுமையாகக் காத்திருந்தார்.

"எப்ப தொடுவீங்க?" என்று கேட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "அப்ப மூணு வருஷமா ஆத்தா என் கால்ல இல்லியா, தம்பி?"

எப்போதும் டிரஸ்சரே என்று கேலியாகக் கூப்பிடுகிறவர் அன்று தம்பி என்றார்.

அக்காவுக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்: "அதுக்கு முந்தி பதினாறு வருஷம் சுட்டுச்சே. சுடச்சுட நடந்தீங்களே. அப்ப ஆத்தா இருந்தா." நல்ல வசனம்தான். ஆனால் அக்கா அதைச் சொல்லவில்லை. குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டு, "மூணு மணி பஸ்ஸு போயிரும்" என்றாள். யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்ற ஏக்கத்தில் நான் எழுதியது அது.

5

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முடிவு அ: இறங்குகிறார். புண் ஆறவில்லை. காலை எடுக்க… (எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: இறங்கவில்லை. சனம் வாய்க்கு வந்ததைப் பேசுகிறது. அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. (இதுவும் பிடிக்கவில்லை.)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் மாமா அந்த ஒரு முடிவோடு போய்விடுவார். எனக்கு அவர்மேல் பிரியம் அதிகம்.

ஆகவே மஞ்சள் வேட்டியோடு தீக்குழி ஓரத்தில் அவரை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் இறக்கினாலும் சரி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் காலில் விழாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் தூக்கி வைத்துத் திருப்பிப் பாருங்கள். புண் இருந்தால் கழுவி மருந்து போடுங்கள்.

அவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். நீங்களாகத்தான் பார்க்கவேண்டும்.