நாலு ஸ்பூன் எண்ணெய்

விரலால் தொட்டே ஆயிலின் தரம் சொல்லும் மெக்கானிக் என் வீட்டுக்காரர். டாக்டர் கண்டித்த பிறகு, மாமியார் சொல்லிக்கொடுத்த கறிக்குழம்பில் வாரத்துக்கு ஒரு ஸ்பூனாகக் குறைத்து, பன்னிரண்டு ஸ்பூன் எண்ணெயை நாலுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதமும் தட்டை வழித்துத்தான் சாப்பிட்டார். பெருமை தாங்காமல் நேற்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"அதானே பாத்தேன், ரெண்டு மாசமா வாயில வைக்க முடியல" என்றார்.

"எனக்கு நாக்கே செத்துப்போச்சு" என்றார் மாமியார்.

இன்றும் அதே நாலு ஸ்பூன்தான். "பழையபடி ஊத்திட்டேன்" என்று சொல்லிப் பரிமாறினேன்.

"இதுதான் எங்கம்மா கைப்பக்குவம்" என்று மறுசோறு வாங்கினார். மாமியார் அடக்கமாகத் தலையாட்டினார்.

சாப்பிட்டு எழுந்த மெக்கானிக், எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை என்று சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார்.