வீட்டுக்கு ஒரு மன்னிப்பு

மார்லிஸ் க்விஸ்ட் முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவள் அல்ல. கல்யாண மோதிரம் எடுக்கப் போன இடத்தில் விலையைக் குறைத்ததோடு, கொசுறாக ஒரு சுவர்க் கடிகாரத்தையும் வாங்கி வந்தவள் என்று ஆல்டர் கிரீக்கில் இன்றைக்கும் சொல்வார்கள். வடக்கு விஸ்கான்சினில் இது கொஞ்சம் அதிகப்படி. அங்கே ஜனங்கள் விலையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் காருக்குப் போய்த்தான் முணுமுணுப்பார்கள். மார்லிஸ் கவுன்டரிலேயே முணுமுணுப்பாள், எதிராளிக்குக் கேட்கிற மாதிரி.

மார்ச் மாதம் கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். வந்ததும் வேறு நாலு கம்பெனிக்கு ஃபோன் போட்டு விலை கேட்பாள். இருப்பதிலேயே மலிவான விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் ஏஜென்ட் வெர்ன் டூடெக்கின் மேஜைமேல் வைப்பாள். வெர்ன் அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பெருமூச்சு விடுவான், பெண்டாட்டி பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிப் பேசுவான், கடைசியில் எதையாவது குறைப்பான். பன்னிரண்டு வருஷமாக நடக்கிற கூத்து. இருவருக்குமே அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

இந்த வருஷம் அந்தக் கூத்து முதல் காட்சியிலேயே தடுக்கி விழுந்தது.

அவள் வேலை பார்ப்பது கால்நடைத் தீவனமும் ஆணி, கயிறும் விற்கிற கடையில், கல்லாவில். புதன்கிழமை மத்தியானம், சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டு புதுக் கம்பெனி ஒன்றை ஃபோனில் பிடித்தாள். எதிர்முனையில் இருந்த பெண் முதலில் தேனாகப் பேசினாள். சொன்ன விலையும் தேன்தான். பிறகு, ஒரு நிமிஷம், உங்கள் பதிவைப் பார்த்துவிடுகிறேன் என்று போய்விட்டுத் திரும்பி வந்தபோது விலை ஒன்றரை மடங்காகியிருந்தது.

"உங்க வீட்டுல ஒரு விபத்து இருக்கேம்மா."

"எங்க வீட்டுலயா? வேற யார் வீட்டையோ பாக்கறீங்க."

"ஆர்லன் க்விஸ்ட், உங்க கணவர்தானே? போன அக்டோபர் பதினாலு. தப்பு அவர் பக்கம்."

மார்லிஸ் சிரித்தாள். பேரத்தில் இது ஒரு தினுசு, பழைய குதிரைக்கு இல்லாத நொண்டியைக் கண்டுபிடிக்கிற தினுசு என்று நினைத்தாள். அப்படி ஒன்று நடந்திருந்தால் எங்கள் கம்பெனி சும்மா விட்டிருக்குமா, கடிதத்தில் ஒரு சென்ட்கூட ஏறவில்லையே என்று மடக்கினாள்.

"முதல் விபத்துக்கு மன்னிப்புன்னு ஒரு திட்டம் போட்டிருப்பீங்க. அவங்க மன்னிச்சிருக்காங்க. நாங்க மன்னிக்கலையேம்மா. விலை ஏறலைன்னா விபத்து இல்லைன்னு ஆயிடாது. பதிவு அஞ்சு வருஷத்துக்கு அப்படியே இருக்கும், யார் கேட்டாலும் கண்ணுல படும்."

சாண்ட்விச் காகிதத்துக்குத் திரும்பிப் போனது.

மார்லிஸுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. மனுஷன் பொய் சொல்வான், விலை சொல்லாது. பால் விலை ஏறினால் எங்கோ மாட்டுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. பில் ஏறவில்லையா, வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதை நம்பித்தான் குளிர்காலம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினாள். அக்டோபரில் அவள் ஊரில் இல்லை. தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று எட்டு நாள் டுலூத்தில் இருந்தாள். திரும்பி வந்தபோது ஆர்லனின் வெள்ளைப் பிக்கப் வண்டியில் இடப் பக்கத்து முன்விளக்கு பளிங்காக மின்னியது. வலப் பக்கம் பழையபடி மஞ்சள் காமாலை. கேட்டதற்கு, பாலிஷ் போட்டேன் என்றான். ஒன்றுக்கு மட்டுமா என்று கேட்டாள். பாட்டில் தீர்ந்துவிட்டது என்றான். காகித ஆலை மூடி வேலை போன மனுஷன், ஏதோ கையை அசைக்கிறானே என்று விட்டுவிட்டாள்.

இப்போது விளக்கு கண் முன்னால் நின்றது. மகள் லினியாவைத் தினமும் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அந்தப் பிக்கப்தான். லினியாவுக்கு ஏழு வயது.

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு இரண்டரைக்கு வெர்னின் அலுவலகத்துக்குப் போனாள். கையில் துண்டுச் சீட்டு இல்லாததைப் பார்த்ததுமே வெர்னின் முகம் மாறியது. பேரம் பேச வராத மார்லிஸை அவன் பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்," என்றான்.

"எனக்குத் தெரியும்னு நெனச்சவன், அஞ்சு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"இந்த ஊர்ல அடுத்தவன் பம்பரைப் பத்தி யாரு பேசறா, மார்லிஸ்? அதுவும் வேலை போனவன் பம்பரை."

அது உண்மை. யார் யாருக்குத் தெரியும் என்று அவன் வாயிலிருந்தே பிடுங்கினாள். வண்டியைச் சரிசெய்த பட்டறைக்காரன் மாதம் இருமுறை அவள் கல்லாவுக்கு வருகிறான். விபத்தை எழுதிய போலீஸ்காரன் நாய்த் தீவனம் அவளிடம்தான் வாங்குகிறான். மோதப்பட்ட வண்டியின் சொந்தக்காரி கிறிஸ்துமஸுக்குக் கேக்கே கொடுத்துவிட்டுப் போனாள். எல்லோரும் பனியைப் பற்றிப் பேசினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருவன் போதாது, மொத்த ஊரும் உட்கார்ந்து சோறு அள்ளிப் போட்டிருக்கிறது.

வெர்ன் தன் தரப்பை விளக்க ஆரம்பித்தான். அவனே விற்ற திட்டம்தான். அஞ்சு வருஷம் சுத்தமாக ஓட்டினால் ஒரு விபத்து மன்னிப்பு. சின்னக் கீறலோ பெரிய மோதலோ, கம்பெனி தரம் பிரிக்காது. மோதப்பட்டவருக்குக் காசு கொடுக்கும், விலையை ஏற்றாது. ஆனால் தலைக்கு ஒன்று கிடையாது, வீட்டுக்கு ஒன்று. ஆர்லன் எடுத்தாயிற்று. இனி மார்லிஸ் ஒரு தூணை இடித்தாலும் முழு விலைதான். விற்கும்போது அவன் சொல்கிற வசனம் ஒன்று உண்டு, பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கக்கூட வாயைத் திறந்து சொல்லணும், எங்களிடம் அதுவும் வேண்டாம் என்று. இன்றைக்கு அதைச் சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக விழுங்கிவிட்டான்.

"ஏன் இடிச்சான்னு கம்பெனி கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? எத்தனையாவதுன்னுதான் கேப்பாங்க. முதல் தடவைன்னா முடிஞ்சுது."

ரிப்போர்ட்டைக் காட்டு என்றாள். அவன் தயங்கி, தேடி, அச்செடுத்துக் கொடுத்தான். ஒரே பக்கம்தான். பிற்பகல் மூன்று இருபது. வானம் தெளிவு. சாலை ஈரமில்லை. லூதரன் சர்ச் முன்னால் இடப் பக்கம் திரும்பும்போது, எதிரே நேராக வந்த நீல நிற வண்டியில் மோதல். வண்டியில் இருந்த பயணிகள்: ஒருவர், வயது ஏழு, காயம் இல்லை. ஓட்டியவர் சொல்வது: எதிரே எந்த வண்டியும் வரவில்லை. அதற்குக் கீழே போலீஸ்காரன் தன் பங்குக்கு எழுதியிருந்தான்: மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில்.

மார்லிஸ் அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள். அவளுக்கு இருபது வருஷமாக ஆர்லனைத் தெரியும். மாட்டிக்கொண்ட பிறகு பொய் சொல்கிற ஜாதி இல்லை அவன். எதிரே வண்டி இல்லை என்று மூன்று முறை சொன்னான் என்றால், அவன் கண்ணுக்கு அங்கே வண்டி இல்லை.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கவேண்டும். தெரிந்தவன், தெரியாதவன், கடன்காரன் எல்லோருக்கும். தூக்காதவன் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் கர்வி. குளிர்காலம் முழுக்கக் கல்லாவில் அவளைச் சீண்டினார்கள். உன் ஆளு மில் மூடினதும் கவர்னர் ஆயிட்டானா, விரலே எழும்ப மாட்டேங்குதே என்று. வேலை போன வெட்கம், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வலப் பக்கம் ஓட்டுகிற ரோட்டில் எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் வருவான்? இடப் பக்கம். ராத்திரிச் சாப்பாட்டில் அவன் மிச்சம் வைக்கிற உருளைக்கிழங்கு தட்டில் எந்தப் பக்கம் கிடக்கும்? இடப் பக்கம். கைபட்டு உருள்கிற பால் டம்ளர்?

சுவரில் மணி மூன்று ஐந்து.

பள்ளிக்கு ஃபோன் போட்டாள். லினியாவைப் பிடித்து வையுங்கள், நான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அலுவலகத்தில் இருந்த பெண் உற்சாகமாக, இப்போதுதானே கிளம்பினார்கள், இன்றைக்கு நீச்சல் வகுப்பு ஆயிற்றே என்றாள். ஆர்லனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது ஃபோனை டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு மூடிவிடுவான். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷன்.

வெர்ன் பின்னாலேயே வாசல்வரை வந்து, பதறாதே, அஞ்சு மாசமா ஒண்ணும் ஆகலையே என்று சொன்னான். அவள் காரை எடுத்துவிட்டாள்.

பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே ஆறு மைல், ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் உருகி மறுபடி உறைந்த பனி, அழுக்குத் துணி மாதிரி. நடுவில் மஞ்சள் கோடு. மார்லிஸ் தன் சின்னக் காரை அளவாகத்தான் ஓட்டினாள், கண்கொத்திப் பாம்பாக எதிரே பார்த்துக்கொண்டு. ஒரு பால் லாரி வந்தது. டிரைவர் விரலைத் தூக்கினான், அவளும் தூக்கினாள். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. சாலையோரப் பள்ளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றிலும் வெள்ளை வண்டி இல்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

மூன்றாவது மைலில் மேட்டின்மேல் வெள்ளைப் பிக்கப் தெரிந்தது. ஒரு விளக்கு பளிச்சென்று, ஒரு விளக்கு மங்கல்.

பழக்கதோஷம், அவள் விரல் தானாக எழுந்தது.

பிக்கப் நிதானமாக வந்தது. வேகமே இல்லை. நிதானமாகவே மஞ்சள் கோட்டைத் தொட்டது, தாண்டியது, அவளை நோக்கி வந்தது. ஹாரனை அழுத்தினாள். அது வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆர்லனின் முகம் தெரிந்தது. வானொலியில் வானிலை கேட்கிறவன் முகம். நேரே அவளைத்தான் பார்த்தான், காலி ரோட்டைப் பார்க்கிற மாதிரி. பின் சீட்டு ஜன்னலில் லினியாவின் தலை இல்லை.

மார்லிஸ் ஸ்டியரிங்கை வலப் பக்கம் ஒடித்தாள். ஜல்லி, பனி, பிறகு ஓரத்தில் நட்டிருந்த எச்சரிக்கைக் கம்பம். கதவு நசுங்குகிற சத்தம் தோளுக்குள்ளேயே கேட்டது. ஒரு முழ இடைவெளியில் பிக்கப் அவளைக் கடந்தது. கடக்கிற நொடியில் ஜன்னலுக்குக் கீழேயிருந்து சின்னத் தலை ஒன்று எழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தது.

அவள் காரைத் திருப்பி, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு துரத்தினாள். ஆர்லன் பின்கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்காகச் சிக்னல் போட்டு, ஒரு பண்ணையின் நுழைவாயிலில் ஓரம் கட்டினான். இறங்கி வந்தான்.

"நீ எங்கேருந்து வந்தே?" என்றான். பிறகு அவள் கார்க் கதவைப் பார்த்து முகம் சுருங்கினான். "அடக் கடவுளே. யாரு இடிச்சது?"

அவள் கையை நீட்டிச் சாவி கேட்டாள். அக்டோபரைச் சொன்னாள். ரிப்போர்ட்டைச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அதை அவங்க மன்னிச்சாச்சு, மார்லிஸ். வெர்ன்கிட்ட பேப்பர் இருக்கு. ஒரு சென்ட் ஏறலை. என்கிட்ட ஏதாவது கோளாறு இருந்தா அந்தக் கம்பெனிக்காரன் விட்டுவெப்பானா? நீதானே சொல்லுவே, மனுஷன் பொய் சொல்லுவான், விலை சொல்லாதுன்னு."

நாற்பத்தாறு வயதுவரை எந்தக் கடைக்காரனும் அவள் வாயை இப்படி அடைத்ததில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் அவன் சாவியை அதில் வைத்தான், ஏதோ குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி.

கம்பம் அவளுக்குப் பின்னால் சாலையோரத்தில் முறிந்து கிடந்தது. பிக்கப் அவளைத் தொடவே இல்லை. தொடாத வண்டிக்குத் தப்பு கிடையாது. இடித்தவள் அவள். வீட்டுக்கு இருந்த ஒன்றும் செலவாகிவிட்டது. இதை வெர்ன் எப்படி எழுதுவான் என்பது அவளுக்கு வரிக்கு வரி தெரியும்.

பிக்கப்பின் பின் கதவைத் திறந்தாள். லினியா இடப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வெளுத்திருந்தது. ஒரு காலில் ஷூ லேஸ் பாதி கட்டி, பாதி தொங்கியது.

"அப்பாவைத் திட்டாதேம்மா. தப்பு என்மேலதான்."

"உன்மேல என்னடி தப்பு?"

"இடப் பக்கம் பாத்துச் சொல்றது என் வேலை. லேஸ் அவுந்துடுச்சு. குனிஞ்சேன்."

மார்லிஸ் திரும்பி ஆர்லனைப் பார்த்தாள். அவன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா இந்த வேலை?"

"அந்த நீல வண்டியில இடிச்சோமே, அதுக்கு அப்புறம்." லினியா அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒருநாள்கூட விட்டதே இல்லம்மா. சத்தியமா. இதுதான் முதல் தடவை."