பவர் சப்ளைக்கு இரண்டு போர்வை

1

இந்தக் கதை பிறந்தது வன்மத்தில். என் அத்தானை, அதாவது அக்கா புருஷனை, நாலு பேர் முன்னால் கேலிப்பொருளாக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மானுட நேயம், அது இது என்று பின்னால் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணினியில் எழுதியிருக்க வேண்டியது. அது பக்கத்து அறையில் அக்காவிடம் இருக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அடித்ததும் திருத்தியதும் உங்கள் கண்ணில் படும்.

2

முதல் தொடக்கம்: "அந்த விசிறியின் ஓலத்தில் அவள் தன் மனத்தின்..."

வேண்டாம். விசிறி விசிறிதான். ஒரு சாமான் ரிப்பேரானால் உடனே அதில் வாழ்க்கையைக் கண்டுபிடித்துவிடும் எழுத்தாளர்களை, கையில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து ஓர் அறையில் போட்டுப் பூட்ட வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: "அத்தான் ஒரு மேதை."

இது இருக்கட்டும்.

3

கணினி மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டியை எல்லோரும் சிபியு என்கிறார்கள். (உண்மையான சிபியு அதற்குள் இருக்கும் பிஸ்கட் அளவுச் சில்லு. இதை வீட்டில் சொன்னால் "வந்துட்டார் வாத்தியார்" என்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.) பெட்டியின் பின்பக்க மூலையில், செங்கல் பருமனில் ஓர் இரும்புக் கூடு. அதுதான் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் முரட்டு மின்சாரத்தைச் சில்லுகள் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறது. அந்த வேலையில் அது சூடாகும். சூட்டை வெளியே தள்ள உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன்.

இதில் அழகு என்னவென்றால், அந்த ஃபேனுக்கு ஒரே வேகம் கிடையாது. சூட்டை அளக்க உள்ளே மிளகு அளவில் ஓர் உணரி இருக்கிறது. சூடு ஏறினால் வேகம் ஏறும், ஆறினால் இறங்கும். யாரும் சொல்லாமலே நிலைமை அறிந்து நடந்துகொள்ளும் ஜீவன் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

தூசி படிந்து, அச்சில் எண்ணெய் வற்றினால் அது கரகரக்கும். வேகம் கூடக்கூடக் கரகரப்பும் கூடும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், கதை முழுக்கப் புரிந்துவிடும்.

4

அக்கா பதினெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பிறகு அவள் குரலையே பதிவு செய்து வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிலையத்தில் இன்றைக்கும் அவள்தான் பேசிக்கொண்டிருக்கிறாள், சம்பளம்தான் இல்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யும் நிறுவனம் ஒன்று இப்போது குரல் தேடுகிறது. மாதிரிப் பதிவு அனுப்ப மூன்று வாய்ப்பு. முதலாவது திரும்பி வந்தது: "குரல் அருமை. பின்னணியில் இரைச்சல்."

அத்தான் பெட்டியைச் சுற்றி வந்தார். ஒரு போர்வையை எடுத்து அதன் தலையோடு போர்த்தினார்.

"குளிருக்கு நாம போத்திக்கல? சத்தத்துக்கு அது போத்திக்கட்டும்."

"சூடாகிடாதாங்க?"

"சூடானா என்னம்மா? அதுக்குத்தான் உள்ள ஃபேன் இருக்கே!"

போர்வையால் சூடு, சூட்டால் வேகம், வேகத்தால் கரகரப்பு. இரண்டாவது பதிவும் திரும்பி வந்தது: "இரைச்சல் முன்பைவிட அதிகம்." அத்தான் வெகுநேரம் யோசித்தார். பிறகு இரண்டாவது போர்வையை எடுத்துவந்தார்.

* அடிக்குறிப்பு: மூன்றாவது பதிவு, அதாவது கடைசிப் பதிவு, இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இப்போது மூன்றரை. பாடத்தை வாசிக்க நாற்பது நிமிடம் பிடிக்கும்.

5

அத்தான் பாத்திரத்தில் ஒரு குறை. பதிவு நடக்கும்போது அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருமல் வந்தால் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்திலேயே வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பார். அதை எழுதாமல் விட்டிருந்தேன். கேலிக்கு இடைஞ்சலாக இருந்தது.

இன்னொரு பாத்திரம் அதைவிட மோசம். மூன்றாம் பகுதியைப் படித்தபோதே உங்களுக்குத் தோன்றியிருக்கும்: இவ்வளவும் தெரிந்தவன் அவர்களிடம் ஏன் சொல்லவில்லை?

முதல் போர்வையன்றே சொல்ல வாயெடுத்தேன்.

"அத்தான், அது வந்து..."

"கதை எழுதறவரே, நீங்க கதைய எழுதுங்க. வயர் சமாசாரத்த நாங்க பாத்துக்கறோம்."

அக்காவும் சிரித்தாள். அப்போது மூடிய வாய்தான். நல்லா படட்டும் என்று இருந்தேன். இரண்டாவது போர்வை வந்தபோது நோட்டைத் திறந்து "பிரமாதம்!" என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது போர்வையும் வந்துவிட்டால் கதைக்கு இன்னும்...

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

உங்களுக்கு உணரி வரைக்கும் விளக்கியவன், கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேலிக்கு ஆள் தேடி அடுத்த அறைவரை போயிருக்க வேண்டியதில்லை.

6

தீர்வு பத்து நிமிட வேலை. கணினியை அணைத்து, போர்வைகளை உருவிப் போட வேண்டும். பின்பக்கத் துளைகளில் அடைந்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பெட்டியைச் சுவரை விட்டு ஒரு முழம் நகர்த்தி, மைக்கை அதற்கு முதுகு காட்டி வைக்க வேண்டும். கரகரப்பு முனகலாகிவிடும். (பவர் சப்ளையை மட்டும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். ஆளைத் தூக்கி அடிக்கும்.)

முடிவு அ: நான் சொல்கிறேன். அத்தான் தலைகுனிகிறார். பொய். அவர் குனியமாட்டார், "இதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பார்.

முடிவு ஆ: நான் சொல்லவில்லை. கடைசிப் பதிவும் திரும்பி வருகிறது. கதை கனமாகிவிடுகிறது, நாலு பேர் பாராட்டுகிறார்கள். த்தூ.

முடிவு இ: நான் சொல்கிறேன். அக்கா போர்வைகளை இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். "எப்ப இருந்துடா இது உனக்குத் தெரியும்?"

இங்கே என் பதில் வர வேண்டும். நாலு பதில் எழுதினேன். நாலையும் அடித்துவிட்டேன். நாலிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

7

நாலு மணி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல்:

"டேய்! உன் கட்டில்ல கெடக்கற கம்பளிய எடுத்துட்டு வாடா. இன்னும் கத்துது."

"வரேன்க்கா."

முடிவை எழுதிவிட்டுப் போகலாம் என்றால், அதற்குள் நாலே கால் ஆகிவிடும். அப்புறம் அவள் வாசித்து முடிக்க நேரம் இருக்காது. கம்பளி கட்டிலிலேயே கிடக்கட்டும். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். அவள் கட்டாயம் கேட்பாள். நான் சொல்லப்போகும் பதிலை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, என்னைக் காப்பாற்றாதீர்கள்.