கழுத்தில் கிடந்த டேப்

கடையைப் பூட்டிவிட்டு வந்து, கழுத்தில் கிடந்த அளவு டேப்பையும் செருப்பையும்கூடக் கழற்றாமல் கொல்லையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் தடியன். இன்னொரு கையில் வேகவைத்த ஈரல் துண்டுகள். கம்பிவலைக்குப் பின்னால் மனைவியின் கோழிகள் இவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதித்த கால் விண் விண்ணென்று வலித்தது. ஊரில் எல்லோரும் சாயங்காலம் டீ குடிக்கிறார்கள், நான் நாய்க்குப் பாடம் நடத்துகிறேன். தலையெழுத்து.

தடியன் என் அக்காவின் நாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை மட்டும் யாருகிட்டயும் குடுத்துடாதடா தம்பி. நான் வந்துடுவேன்" என்றாள். கூட்டிவந்த அன்றே அவன் சாம்பல் கோழியின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு, பெரிதாக ஏதோ சாதித்தவன் போல வாலை ஆட்டிக்கொண்டு நின்றான். மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கோழியைப் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பேக்கரில நாள் பூரா நின்னுட்டு வர்றேன். இதுங்க முன்னாடிதான் நான் உக்கார்றதே. இன்னொன்னு போச்சுன்னா அவன் இங்க இருக்க மாட்டான். சொல்லிட்டேன்." அவள் சொன்னதில் என்ன தப்பு? அக்கா சொன்னதில்தான் என்ன தப்பு? நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் நான்.

கால்நடை டாக்டர் அடிக்கக் கூடாது என்றார். கோழியைப் பார்த்துவிட்டு எப்போது என்னைத் திரும்பிப் பார்க்கிறானோ, அந்த நொடியே வாயில் ஒரு துண்டு. அவ்வளவுதான் வைத்தியம். முதலில் கயிறே அறுந்துவிடும்போல இழுத்தான். போகப் போக, கோழியைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், என் பக்கம் திரும்புவான், வாயைத் திறப்பான். எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. அக்கா போன் செய்தபோது, "அவனும் கோழிங்களும் ஒண்ணா விளையாடுதுங்க, நீ கவலைப்படாம படு" என்று அளந்துவிட்டேன். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இங்க பாரு வித்தையை" என்று வலைக்கதவைத் திறந்து கயிற்றைக் கீழே விட்டேன். தடியன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாய்ந்துவிட்டான். நானும் அவன்மேல் பாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, அவன் வாயிலிருந்து செவலைக் கோழியைப் பிடுங்கினேன். உயிர் இருந்தது, வால் இல்லை. மனைவி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்காட்ட நானே பேசிடறேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தினமும் கடையிலேர்ந்து அப்படியே வந்து உக்காருவீங்க. இன்னிக்குக் கழுத்துல டேப் இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

செவலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எரிச்சலோடு போய், ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தடியன் என் கழுத்தைப் பார்த்தான். பார்த்ததும் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, கூண்டை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னை நோக்கி வாயைத் திறந்தான். அடப்பாவி! இத்தனை நாளாக இவன் திரும்பிப் பார்த்தது என்னை இல்லை, அளவெடுக்கிற இந்தப் பட்டையைத்தான். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. அக்காவுக்குப் போன் செய்யவும் தெம்பில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது ஆணியில் டேப் இல்லை. மேஜை மேல் இல்லை, சட்டைப் பையிலும் இல்லை. போன் அடித்தது. அக்காதான். எடுக்காமல் அதைக் கையில் பிடித்தபடியே அடுப்படி ஜன்னலுக்குப் போனேன்.

கொல்லையில் மனைவி என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேக்கரிக்குக் கிளம்பிய உடுப்பு, முகத்தில் தூக்கம், கழுத்தில் மஞ்சள் டேப். வலைக்கதவு திறந்திருந்தது. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். மூடிய கையிலிருந்து ஈரல் சாறு கசிந்துகொண்டிருந்தது. வாலில்லாத செவலை தயங்கித் தயங்கி வெளியே வந்தது.

"பாரு" என்றாள் தடியனிடம். "நல்லா பாத்துக்க. அப்புறம் என்னைப் பாரு."

தடியன் கோழியைப் பார்த்தான். கயிறு விறைத்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.