மாமாவின் இடி

என் மாமனார் குறட்டை விடுவதில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றபோது நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு நீதிமன்றத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். யாராவது குறட்டை என்று வாயைத் திறந்தால், "ஆதாரம் எங்க?" என்பார். அத்தை தன் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைக் காட்டுவார். "சம்சாரத்தோட சாட்சி செல்லாது. முன்விரோதம் இருக்கு" என்று தள்ளுபடி செய்துவிடுவார்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவள். கதவு கிறீச்சிடுவது, மாடிப்படியில் செருப்பு இறங்குவது, கண்ணாடி டம்ளர் உடைவது என்று நாடகங்களுக்கு வேண்டிய சத்தமெல்லாம் என் கைவேலை. ஆதாரம்தானே வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் சாப்பிட்டுச் சாய்ந்ததும், இருப்பதிலேயே நல்ல மைக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இது இடிம்மா" என்றார். "மழைக்கு முன்னாடி தூரத்துல உருளுமே, அது."

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சலில், சரி, இடியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இணையத்தில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. நான் பதிவு செய்யும் சத்தங்களை அதில் இலவசமாகப் போட்டுவைப்பேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், விற்கக்கூடச் செய்யலாம். பெயரை மட்டும் போட வேண்டும். அதுதான் உரிமத்தின் நிபந்தனை. 'தூரத்து இடி, மழைக்கு முன்' என்று தலைப்புக் கொடுத்து, மிச்சத்தைக் கேட்டுக்கூடப் பார்க்காமல், பதிவை முழுதாக ஏற்றிவிட்டு மறந்துபோனேன்.

போன மாதம் என் பக்கம் இருக்கும் தளத்திலிருந்து தகவல் வந்தது. தியான இசை விற்கும் ஒரு நிறுவனம் புகார் கொடுத்திருக்கிறதாம். என் இடி, அவர்களுடைய 'ஆழ்கடல் அமைதி'யிலிருந்து திருடப்பட்டதாம். என் பக்கத்தை மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். என்னுடையதுதான் என்று ஒரு வாரத்துக்குள் நிரூபிக்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம்.

'ஆழ்கடல் அமைதி'யின் ஆரம்பத்தைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. எடுத்தவன் என் பெயரைப் போடவில்லை. மெதுவாக ஓடவிட்டு அலை என்று விற்றிருக்கிறான். இப்போது நான் திருடியாம். போனால் போகிறது என்று விடவும் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் என் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் இருக்கிறது. சதுரங்கத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அப்பா அப்படிச் செருமுவார். அவர் போய்விட்டார். சத்தங்களையெல்லாம் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. இனி அந்தச் செருமல் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

தளத்துக்குக் கோபமாக எழுதினேன். இடியெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், உங்கள் இடி எங்கே இடித்தது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பின்னறையில் என்று எப்படிச் சொல்வது? வெட்கத்தை விட்டு, அது குறட்டை என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் குறட்டை விட்டவரே தன் குரலில் அதைச் சொல்லி, வெளியிடச் சம்மதமும் தர வேண்டும் என்று பதில் வந்தது. மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாமா கூடத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீதான் சும்மா குடுத்துட்டியே. அப்புறம் அதுல உனக்கு என்ன உரிமை?"

"பூங்காவுல பெஞ்சு போட்டு வைக்கிறேன், மாமா. யார் வேணும்னாலும் உக்காரலாம். போட்டது யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லணும், அவ்வளவுதான். இப்ப உக்காந்தவன் என்னைப் பாத்து, 'என் பெஞ்சுலேந்து எழுந்திரு'ங்கறான்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது அக்கிரமம். குடுத்தவன் கையையே வெட்டற கதை. விடக்கூடாது."

"அப்ப அந்தக் குறட்டை உங்களுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாமா."

"எந்தக் குறட்டை?"

அத்தை உள்ளேயிருந்து வந்தார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அவர் குரலைக் கேட்பதற்காகவே சிலர் தப்பான எண்ணைக் கேட்பார்கள் என்று இப்போதும் சொல்லிக்கொள்வார். "அவன் என்னதான் பண்ணி வச்சிருக்கான், போடு, கேப்போம்" என்றார்.

போட்டேன். அலை எழுந்தது, விழுந்தது. நடுவில் ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து நீளமாக முனகியது. திரையில் 'திமிங்கலத்தின் அழைப்பு' என்று எழுத்து வந்தது. கீழே ஒருவர், 'அந்தத் திமிங்கலத்தின் வேதனையைக் கேட்டு அழுதுவிட்டேன்' என்று கருத்துப் போட்டிருந்தார்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. மடிக்கணினியில் வேகத்தைக் கூட்டினேன். அலை சுருங்கிச் சுருங்கி, எங்கள் வீட்டுக்கே உரிய குறட்டையாகத் திரும்பி வந்தது. திமிங்கலமும் மெலிந்து, தெளிந்து, சலித்துப்போன குரலில் சொன்னது: "திரும்பிப் படுங்க."

என் கணவர் சமையலறையை நோக்கி நகர்ந்தார்.

"நான் திமிங்கலமா?" என்றார் அத்தை.

"பெரிய மனசு பண்ணுங்க, அத்தை. மெதுவா ஓட்டினா யார் குரலும் அப்படித்தான் ஆகும்."

"வேதனைன்னு ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு. அவன் ஒருத்தனுக்காவது புரிஞ்சிருக்கு."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "குரல் உன்னோடது. ஒத்துக்கறேன். ஆனா உன் குரல் இருக்கறதாலயே பக்கத்துல இருக்கறது என் குறட்டைன்னு ஆயிடாது."

"இடியப் பாத்து யாராவது திரும்பிப் படுன்னு சொல்வாங்களா?" என்றார் அத்தை. "அதுவும் இவ்வளவு மரியாதையா, படுங்கன்னு?"

மாமா கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் வழக்கு வாய்தாவுக்குப் போகிறது என்று பொருள். எனக்கோ ஒரு வாரம்தான் கெடு.

"மாமா, அந்தப் பக்கத்துலதான் அப்பா செருமற சத்தம் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "சம்பந்தியோட செருமலா? ராணி போகப்போகுதுன்னா வருமே, அதுவா?"

தலையாட்டினேன். மாமா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பட்டனை எல்லாம் போட்டார். "மைக்கை வை" என்றார்.

"நான் முழு நினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் கூறுவது என்னவென்றால்," என்று ஆரம்பித்து ஒருமுறை அத்தையைப் பார்த்துக்கொண்டார். "நினைவில்லாத நேரங்களில் நான் குறட்டை விடுகிறேன். மேற்படி குறட்டை என்னுடையது. அதை வெளியிட என் மருமகளுக்குச் சம்மதம் தருகிறேன். மேற்படி திமிங்கலம் என் மனைவி."

இரண்டாம் நாளே பூட்டைத் திறந்துவிட்டார்கள். முதல் வேலையாக அப்பாவின் செருமலை இறக்கினேன். மாமா அதைக் கேட்டுவிட்டு, "நல்லா தோப்பார், மனுஷன்" என்றார். அந்த நிறுவனம் புகாரை வாபஸ் வாங்கி, என் பெயரையும் போட்டது. நான் விடுவேனா? அலை யார், திமிங்கலம் யார் என்பதையும் போட வைத்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அவர் அன்னிக்குப் பேசினாரே, குறட்டை என்னோடதுன்னு. அது உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு, அத்தை."

"அதையும் உன் பக்கத்துல போட்டுடு. யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும். ஒருதடவை அப்படிக் குடுத்துட்டா திருப்பி வாங்க முடியாதாமே?"

"முடியாது. எடுத்தவங்க எடுத்தவங்கதான். ஆனா மாமா சம்மதிக்கணும்."

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். ராணி போகப்போகிறது என்று தெரிந்தவர் செருமுவது போலவே இருந்தது.

"பேர் போடறப்ப," என்றார் மாமா, கதவைத் திறக்காமலே, "இனிஷியல சரியாப் போடு."