ஏரிக்கு அப்பால் விழுந்த தெரு

வேம்பனூரில் தெருக்கள் நகராட்சிக் கணினியில் இருக்கும் ஓர் ஆவணத்தின்படிதான் நிற்கும். தெருவின் பெயர் தலைப்பு, அதற்குக் கீழே வீடுகள். தலைப்பு இடம் மாறினால் தெருவும் மாறும். தேருக்கு வழி வேண்டுமென்றால் நாலு தெருவைக் கீழே இறக்குவார்கள், தேர் நிலைக்கு வந்ததும் ஏற்றுவார்கள். இதில் ஊருக்கு ஒரு குறையும் கிடையாது. எது எங்கே போய் விழும் என்று தெரியாததுதான் குறை.

மவுஸால் பிடித்து இழுத்தால் பக்கம் பேய் பிடித்த மாதிரி ஓடும். விரல் அசந்த இடத்தில் தெரு விழும். போன மாதம் தச்சர் தெருவின் தலைப்பை மட்டும் இழுத்துவிட்டார்கள். பெயர்ப்பலகை பஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. வீடுகள் பக்கத்துத் தெருவோடு ஒட்டிக்கொண்டு, அந்தத் தெருக் கோயிலுக்கே பொங்கல் வைத்தன.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் செண்பகவல்லியை வேலைக்கு எடுத்தார்கள். அவள் சோறு தண்ணி மறந்து ஒரு முறையை உருவாக்கியிருந்தாள். தலைப்பைத் தொட்டால் அதன் கீழுள்ள அத்தனையும் சேர்ந்து நிறம் மாறும். அம்பு விசையை ஒரு தடவை அமுக்கினால் ஒரே ஒரு இடம்தான் தாண்டும். விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஒரு நீலக்கோடு தெரியும். கேட்பதற்குச் சின்ன விஷயம். பட்டவளுக்குத்தான் தெரியும் பாடு.

திங்கட்கிழமைதான் தொடக்கவிழா. சனிக்கிழமை காலையிலேயே நிறைமாதமாக இருந்த அக்கா அகிலாண்டம் போன் செய்தாள்.

"ஏட்டி செம்பகம், வலி வந்துட்டுட்டி. நேத்து யாரோ எங்க தெருவ இழுத்து ஏரிக்கு அந்தால போட்டுட்டாவ. பாலமும் இல்ல, படகும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு எப்படிட்டி போவேன்?"

செண்பகவல்லி போனைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள். மேலதிகாரி தங்கையாவிடம் ஓடினாள்.

"இன்னும் சோதிச்சுப் பாக்கலியேம்மா," என்றார் அவர்.

"எங்க அக்காள வச்சுத்தான் சார் சோதிக்கப் போறேன்."

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

தலைப்பைத் தொட்டாள். வீடுகள், அடிகுழாய், வேப்பமரம், வாசலில் கட்டியிருந்த ஆடு வரை எல்லாம் நிறம் மாறின. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை! அம்பை அமுக்கினாள். ஏரி ஒதுங்கிக் கீழே போனது. இன்னொரு அமுக்கு. தரையில் தெரிந்த நீலக்கோட்டைப் பார்த்ததும் சந்தைத் தெருக்காரர்கள் காய்க்கூடைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"எங்கம்மா போறிய, பேறுகாலத்துக்கா? போங்க, போங்க!"

ஜன்னல் வழியாகப் பார்த்த செண்பகவல்லிக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போகிறதே! அமுக்க அமுக்கத் தெரு ஏறியது. அகிலாண்டத்தின் அக்கம்பக்கத்தார் மொட்டைமாடியில் நின்று தேர் இழுக்கிற மாதிரி குரல் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்து நீலக்கோடு விழுந்தது, தெருவும் விழுந்தது.

"வாசப்படி இறங்கக்கூட முடியாதுட்டி," என்று போனில் அழுதாள் அக்கா.

செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தெருவை ஒரு படி உள்ளே தள்ளினாள். தெரு ஆஸ்பத்திரிக்கு உட்பிரிவாகி, பிரசவ வார்டுக்குள் போய் நின்றது.

பெண் குழந்தை. அதன் அழுகை போனில் கேட்டதும் செண்பகவல்லியும் சேர்ந்து அழுதாள். தங்கையா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

டாக்டர் அம்மா தாயையும் சேயையும் பார்த்துவிட்டு, தெருவின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். தாயும் பிள்ளையும் நாளைக்கே போகலாம், தெரு மட்டும் ஒரு வாரம் படுத்திருக்கட்டும் என்றார். பார்வையாளர் நேரம் மாலையில்தான் என்பதால், வெளியே போயிருந்த தெருக்காரர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வார்டு வாசலில் வரிசையாகக் காத்திருந்தார்கள்.