பெயர் சொல்லக் கூடாது

அற்புதம் மேடத்தின் சமூகவியல் வகுப்பில் புத்தகத்தைத் திறப்பதே அபூர்வம். அவரவர் வீட்டில் பார்த்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும். யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், சொத்துப் பேச்சு வந்தால் யார் எழுந்து உள்ளே போகிறார்கள், இதுதான் பாடம். யாரும் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆட்களின் பெயரையும் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக ஊரையும், கூட்டம் என்கிற குலப் பிரிவையும் சொன்னால் போதும் என்று அவரே ஏற்பாடு செய்திருந்தார். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், தங்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள் என்பதெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து கோயமுத்தூருக்கு வேலைக்கு வந்தவருக்கு ஆராய்ச்சிச் சரக்கு. ஊரையும் கூட்டத்தையும் சொல்லிவிட்டால் இங்கே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திய மாதிரிதான். அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர் அல்லவா.

எம்.ஏ. முதல் வருடம் படித்த ரேணுகாதேவி விதிப்படிதான் சொன்னாள். கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் ஊர், இன்ன கூட்டம். அண்ணியை ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் பார்த்தார்கள். உள்ளூரில் யாரும் பார்த்துவிடக் கூடாதே. பெண் என்றதும் கலைத்துவிட்டார்கள். அடுத்த தடவையும் அப்படியே. அற்புதம் கேட்டுவிட்டு, "அடுத்து யார்?" என்றார். தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற விதி அவருக்கும்தானே.

அடுத்து வந்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இந்தப் பேச்சுதான் பரிமாறப்பட்டது. அந்த வாரமே ரேணுகாவின் அப்பா சென்னியப்பன் துறை அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், புள்ளைய நிறுத்திப்போடுன்னு சொந்தத்துல சொல்றாங்க. எனக்கு அவ படிக்கோணும்னுதான் ஆசைங்க. அது பாடத்துக்காகக் கட்டுன கதைன்னு நீங்க கிளாஸ்ல ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அந்த வார்த்தையும் மொதப் பேச்சு போன வழியாவே சொந்தத்துக்கு வந்துருமுங்க."

குரல் உயரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அற்புதத்துக்கும் கோபம் வந்திருக்கும். இந்த மரியாதையின் முன்னால் ஒன்றுமே வரவில்லை. அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது.

மறுநாள், வருகைப்பதிவு எடுக்கிற அதே குரலில் சொன்னார். "ரேணுகாதேவி அன்று சொன்னது உண்மையல்ல. நான் சொல்லச் சொன்ன கற்பனை." முன் வரிசையில் இரண்டு பெண்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். ரேணுகா நிமிரவில்லை.

அவள் படிப்பு நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். எல்லா அப்பாக்களும் எல்லா அம்மாக்களிடமும் யோசனை கேட்டார்கள். அற்புதம் தலையாட்டினார். மதிப்பெண்ணும் போட்டார்.

மார்கழியில் ஒரு சாயங்காலம், எல்லாரும் கிளம்பிய பிறகு ரேணுகா மேசையருகே வந்து நின்றாள்.

"அண்ணி மறுபடியும் முழுகாம இருக்கறாங்க மேடம். நாளைக்கு ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமா."

"நான் வந்து உங்க அப்பாகிட்ட பேசட்டுமா?"

"என்னன்னுங்க பேசுவீங்க? எங்க ஊட்டுல அப்படியெல்லாம் நடக்கலீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை அது. நிஜமாகவே கேட்டாள். பதில் இருந்தால் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. வாரேனுங்க மேடம்."

"சரி" என்றார் அற்புதம்.